என்ன ஓகே? முழுசாகச் சொல்லுங்கள்

கண்ணாடி விற்றே எங்கள் கண்களைத் திறந்துவைத்த, இந்த வணிக வளாகக் கடைக்காரர் சங்கத்தின் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, பிள்ளையைத் தோளிலும் பையைக் கையிலும் சுமந்து வந்தும் என்னைவிடத் தெம்பாக இருக்கும் தாய்மார்களே, கதவோரம் பார்த்து, கழன்றுகொள்ள வாகாக அமர்ந்திருக்கும் கடைசி வரிசை இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த லிப்ட் அக்காவின் வணக்கம்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் கட்டடத்தின் லிப்டுகளைப் பராமரிக்கும் குழுவுக்கு நான் தலைவி. ஏற்றுவதும் இறக்குவதும் என் தொழில். இன்று என்னையே மேடை ஏற்றிவிட்டார்கள். இறக்குவதற்குத் தலைவர் கையில் ஒரு மணி இருக்கிறது. அது அடிக்கும் வரைக்கும் நான் அந்தரத்தில்தான்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ஒரே சொல். இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் பிறந்தது; அடுக்களை வரை வந்தது. படித்தவர் நாவிலும் இருக்கிறது, பால்குடி மறந்த பிள்ளை நாவிலும் இருக்கிறது. அந்தச் சொல், ஓகே.

அன்பர்களே, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை கேட்டிருப்பீர்கள். இந்த ஓகே செய்தது அதுதான். ஆகட்டும் எங்கே? அப்படியே எங்கே? ஆமாம் எங்கே? நல்லது எங்கே? நம் நாவில் பரம்பரையாகக் குடியிருந்த அத்தனை சொற்களையும் வெளியே அனுப்பிவிட்டு, இந்த இரண்டெழுத்துக்காரன் எல்லா அறைகளிலும் தானே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். அதற்காக அவனைத் திட்ட நான் வரவில்லை. அவன் உழைப்பாளி. ஓர் ஆள் இத்தனை வேலை பார்த்து நான் கண்டதே இல்லை.

ஒரு வீட்டில் மனைவி புதிதாக ஒன்று சமைக்கிறாள். கணவன் வாயில் வைக்கிறான். "எப்படி இருக்கு?" என்கிறாள். "ம்... ஓகே" என்கிறான். தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள், அது ஓகேயா? இல்லை என்று முன்வரிசையே தலையாட்டுகிறது. அதே வீட்டில், அடுத்த நாள், அந்த ஓகேயால் மூண்ட சண்டையின் மிச்சம். "சரி, என்மேலதான் தப்பு, விடு" என்கிறான் கணவன். அவள் "ஓகே" என்கிறாள். ஐயா, அந்த ஓகே வெள்ளைக்கொடி என்று நினைத்து வெளியே தலை நீட்டியவர் எவரும் தலையோடு திரும்பியதில்லை.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். அவர் "ஓகே" என்கிறார். அந்த ஒரு சொல்லில் போன உயிர் திரும்பி வருகிறது. அதே சொல்லை என் கணவர் தொலைபேசியில் "ஓகே... ஓகே... ஓகே" என்று மும்முறை சொன்னால், மறுமுனையில் பேசுபவர் எப்போது வைப்பார் என்று அவர் மன்றாடுகிறார் என்று பொருள். என் மகள் இன்னும் சிக்கனக்காரி. நான் பத்து வரி செய்தி அனுப்புவேன், சாப்பிட்டியா, குடை எடுத்துக்கிட்டியா, இருமல் எப்படி இருக்கு என்று. பதில் வரும். 'கே'. அவ்வளவுதான். ஓ எங்கே போயிற்று பிள்ளாய்? அதைத் தட்டக்கூட உன் அம்மாவுக்காக ஒரு விரல் மிச்சமில்லையா?

கடைசி வரிசையிலிருந்து ஒரு தம்பி "ஓகே, ஓகே" என்று குரல் கொடுக்கிறார். தம்பி, இது பாராட்டா, இல்லை இறங்கு என்கிறாயா? பார்த்தீர்களா அவையோரே, எனக்கே புரியவில்லை. அதுதான் இன்றைய என் பேச்சு.

இனி என் அண்ணனுக்கு வருகிறேன். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒளிந்தாலும் விடமாட்டேன். இரண்டாம் தளத்தில் சலூன் வைத்திருக்கிறாரே, உங்களில் பாதிப் பேர் தலையைக் கொடுத்துவைத்திருக்கிறீர்களே, அவரேதான். உடன்பிறந்த அண்ணன். அண்ணி போன பிறகு அந்தச் சலூன்தான் அவருக்கு வீடு, வாசல், ஊர், உறவு எல்லாம். காலையில் கதவைத் திறந்து, துண்டுகளை உதறி மடித்து, சீப்புகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரேடியோவைத் தட்டினால், அதற்குப் பிறகு பேச்சும் சிரிப்பும் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

முடி வெட்டி முடித்ததும் அண்ணன் ஒரு காரியம் செய்வார். ஒரு சின்னக் கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்து, "ஓகேயா?" என்று கேட்பார். நாம் என்ன சொல்வோம்? "ஓகே" என்போம். அவையில் இருக்கும் ஆண்மக்களைக் கேட்கிறேன், உங்களில் யாராவது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது, "ஓகே இல்லை" என்று சொன்னதுண்டா? ஒரு கைகூட உயரவில்லை. எப்படி உயரும்? வெட்டிய முடியை ஒட்டவா முடியும்? இந்தக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். திரும்பி வருவேன்.

அதற்கு முன்னால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். என் குழுவில் ஒருவர் உண்டு. சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'டபுள் ஓகே' என்றால் வளாகமே திரும்பிப் பார்க்கும். எதைக் கேட்டாலும் "ஓகே ஓகே" என்பார். ஒருநாள் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே மெஷின் ரூமில் இருந்தவர், "லிப்டைக் கீழ இறக்கலாமா?" என்று குரல் கொடுத்தார். இவர் "ஓகே ஓகே" என்றார். காதில் விழுந்தது, இரு, சொல்கிறேன் என்பது இவருடைய ஓகே. இறக்கு என்பது அவருக்குக் கேட்ட ஓகே. நல்லவேளை, நம் ஆள் அதற்குள் தண்ணீர் குடிக்க வெளியே வந்துவிட்டார். அவருடைய சாப்பாட்டு டப்பா வரவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால், தகடு. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அக்கா, இதுல இனிமே தபால் அட்டை மட்டும்தான் வெக்கலாம்" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்தபின்தான் எங்களுக்கு உறைத்தது. டப்பா இருந்த இடத்தில்தானே அந்த மனிதரும் இருந்திருப்பார்?

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஓகே செல்லாது. நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கத்துக்குப் பெயர் மறுசொல். செய்யப்போகிறவர் என்ன செய்யப்போகிறோம் என்பதை முழு வாக்கியமாகத் தம் வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பொத்தானில் கை. சரக்கு லிப்டில் கனமான சாமான் ஏற்ற வருகிறவருக்கும் இதே சட்டம். எதை ஏற்றுகிறோம், எந்தத் தளத்தில் இறக்குகிறோம், இறக்கியபின் அதற்கு என்ன ஆகும், மூன்றையும் சொல்ல வேண்டும். ஆகாயத்திலிருந்து குதித்து வந்த ஆளாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நம் தலைவரே ஒருமுறை கண்ணாடி அலமாரியோடு வந்து, "நான் சங்கத் தலைவர்மா" என்றார். "லிப்டுக்கு அது தெரியாதுங்க ஐயா" என்றேன். நின்று, சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். இன்றைக்கும் அந்தக் கோபம் அந்த மணியில் இருக்கிறது.

இப்போது கதைக்கு வாருங்கள்.

என் அண்ணன் மகன் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறான். நல்ல பிள்ளை. மருமகளும் தங்கம். இரண்டு அறை வீடு, ஒரு குழந்தை. ஒருநாள் அவன் சலூனுக்குப் போன் செய்கிறான். "அப்பா, எதுக்குத் தனியா கஷ்டப்படுறீங்க? கடையை விட்டுட்டு எங்ககூடவே வந்து இருங்களேன்." இங்கே அண்ணன் ஒரு கையில் ஹேர் டிரையர், ஒரு கையில் போன். டிரையரை நிறுத்தினார். பிறகு "ஓகேப்பா" என்றார். மகன் மனைவியிடம் போய், "அப்பா நம்மகூட வந்து இருக்கப்போறார்" என்றான். அவள் "ஓகேங்க" என்றாள். கட்டட உரிமையாளரிடம், இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்கிறோம் என்று சொன்னார்கள். அவரும் ஓகே. ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு முகம் சுளிக்கவில்லை. ஓகே, ஓகே, ஓகே என்று ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் வழுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. உறவுக்காரர்கள் எல்லோரும் "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டினார்கள். அண்ணனும் சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது.

காலி செய்யும் நாள். மாலைக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றியாயிற்று. ரேடியோவும் பெட்டிக்குள் போயிற்று. மிச்சம் இருந்தது அந்த நாற்காலி. உங்களுக்குத் தெரியும், அடியில் இரும்பு வட்டு, மிதித்தால் உயரும், தட்டினால் சுழலும், தனி ஆளால் அசைக்கவே முடியாது. அதில் கடைசி வாடிக்கையாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் அவர்? கழுத்தைச் சுற்றித் துணியோடு, ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் வெட்டாமல்? தலைவர் அவர்கள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார். ஆம், அவரேதான். பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே வேன்காரர்கள் வந்து, "நாற்காலியை எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். அண்ணன் "ஓகே" என்றார். தலையில் பாதி வேலை இருக்கிறது என்பதுகூட நினைவில்லாமல் ஓகே என்றார். அந்த மனிதரின் மனம் அன்று எங்கே இருந்தது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக, சரக்கு லிப்டின் வாசலில் நான். எதிரே நாற்காலி. அதன் பின்னால் அண்ணன், மகன், மருமகள், வேன்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் அரைத் தலையோடு நம் தலைவர். கீழ்த்தளத்தில் வாக்கி டாக்கியோடு டபுள் ஓகே.

"அண்ணே, சொல்லுங்க" என்றேன்.

"எதைம்மா?"

"எல்லாரும் சொல்றதைத்தான். எதை ஏத்தணும், எங்க இறக்கணும், அதுக்கப்புறம் என்ன."

"ஓகேம்மா, ஏத்து."

"ஓகே இங்க செல்லாதுண்ணே. முழுசா சொல்லுங்க."

மகனுக்குப் பொறுமை இல்லை. "அத்தை, நம்ம அப்பாதானே, விடுங்களேன். வேன் நிக்குது" என்றான். "லிப்டுக்கு அப்பனும் தெரியாது, அத்தையும் தெரியாதுடா" என்றேன். வாக்கி டாக்கி கரகரத்தது. "அக்கா, மறுசொல் இன்னும் வரலை. கீழ நான் நிக்கிறேன்." சாப்பாட்டு டப்பாவைப் பறிகொடுத்தவன் கேட்கிறான், நான் எப்படி விடுவேன்?

அண்ணன் லிப்டைப் பார்த்துச் சொன்னார். "நாற்காலியை ஏத்தணும்."

"நாற்காலியை ஏத்தணும். எங்க இறக்கணும்?"

"தரைத்தளத்துல."

"தரைத்தளத்துல. அப்புறம்?"

"அப்புறம் வேன்ல ஏத்தி... பழைய சாமான் கடையில போட்டுட்டு... கடையைப் பூட்டி, சாவியை..."

அங்கே நின்றது. அவையோரே, நான் எத்தனையோ லிப்ட் பாதியில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் பாதியில் நின்று அன்றுதான் பார்த்தேன். அண்ணனின் கை நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தது. ஓகே என்று சொன்னபோது நாக்குக்கு வலிக்கவில்லை. கடையைப் பூட்டி என்று சொல்லவேண்டி வந்தபோதுதான் வலி தெரிந்தது.

"எனக்குப் பூட்ட மனசு இல்லம்மா" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைப்பானேன்? அண்ணி போன நாளில்கூட அவர் தனக்கு வேண்டியது இன்னது என்று வாய் திறந்து சொன்னதில்லை. அன்று, அத்தனை பேர் முன்னால், லிப்ட் வாசலில் நின்று சொன்னார்.

மகன் திகைத்துப்போனான். "அப்புறம் ஏம்பா ஓகேன்னு சொன்னீங்க?"

"நீ ஆசையாக் கூப்பிட்டியேடா. குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாமத் தவிக்கிறியோன்னு நினைச்சேன்."

"எனக்கு எதுக்குப்பா ஆள்? நீங்க நாள் பூரா நின்னு நின்னு களைச்சுப் போயிட்டீங்க, ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறீங்கன்னு நினைச்சேன்."

நான் மருமகளைப் பார்த்தேன். "நீயும் ஓகே சொன்னியே. அது என்ன ஓகே?"

அவள் முதலில் மாமாவைப் பார்த்தாள். பிறகு, "மாமா வர்றது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இத்தனை பேரோட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்த மனுஷன், நாங்க வேலைக்கும் குழந்தை ஸ்கூலுக்கும் போனதும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி உட்கார்ந்திருப்பாருன்னு தூக்கமே வரலை. நான் அதைச் சொன்னா, மாமா வர்றது எனக்குப் பிடிக்கலைன்னு ஆயிடுமே. அதான் ஓகேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

கேட்டீர்களா பெரியோர்களே? மூன்று பேர். ஒரு கேள்வி, இரண்டு ஓகே. மூன்றிலும் துளி வஞ்சம் இல்லை, மூன்றிலும் நிறைய அன்பு. அப்பன் பிள்ளைக்காகச் சொன்னான், பிள்ளை அப்பனுக்காகக் கேட்டான், மருமகள் இருவருக்காகவும் வாயை மூடிக்கொண்டாள். யாருமே விரும்பாத ஒரு காரியத்தை, எல்லோரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கிட்டத்தட்ட நடத்தியே முடித்துவிட்டார்கள். பகை வந்து மூடிய கடைகள் உண்டு. நட்டம் வந்து மூடிய கடைகள் உண்டு. பாசம் வந்து மூடவிருந்த கடையை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

அந்த நேரத்தில் வாக்கி டாக்கி மறுபடியும் கரகரத்தது. "அக்கா, என்னதான் ஆச்சு? ஏத்துறதா, இல்லையா?" நான் அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, முழு வாக்கியமாகச் சொன்னார். "நாற்காலியை ஏத்த வேண்டாம். திரும்பக் கடைக்கே கொண்டுபோகணும். கடை நாளைக்கும் திறந்திருக்கும்." கீழிருந்து பதில் வந்தது. "நாற்காலியை ஏத்த வேண்டாம். திரும்பக் கடைக்கே. கடை நாளைக்கும் திறந்திருக்கும். ரொம்பச் சந்தோஷம்ணே." ஒரு ஓகேகூட இல்லை. டபுள் ஓகே வாயிலிருந்து ஓகே இல்லாமல் ஒரு பதில் வந்தது என்றால் சாதாரண விஷயமா?

கட்டட உரிமையாளருக்குப் போன் போயிற்று. "நல்லதாப் போச்சு, வேற ஆள் தேடுற வேலை மிச்சம்" என்றார் அவர். மகனே முன்னின்று நாற்காலியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனான். போர்வையைப் பிரித்துக் கண்ணாடிகளை மாட்டினார்கள். எல்லோரும் சிரிப்பும் கண்ணீருமாக நின்றோம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எல்லாம் சரிதான். என் மறுபாதியை யாராவது வெட்டுவீங்களா?"

தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாமல் இந்தக் கதை முடியாது.

அவர் தலை முடிந்ததும் மகன் உட்கார்ந்தான். இப்போது பாருங்கள், அந்தக் கண்ணாடிக்குத் திரும்பி வருகிறேன். அண்ணன் துணியைப் போர்த்தினார், கத்தரியைக் கையில் எடுத்தார், வைத்தார். மகனுக்கு முன்னால் வந்து நின்றார். "எவ்வளவு எடுக்கணும், எங்க விடணும், சொல்லுப்பா. நான் திருப்பிச் சொல்றேன். அப்புறம் வெட்டுறேன்" என்றார். மகன் சொன்னான், அப்பா திருப்பிச் சொன்னார். முடியில் தொடங்கிய பேச்சு முடியோடு நிற்கவில்லை. வாரத்தில் ஒருநாள் கடைக்கு விடுமுறை, அன்று பேரப்பிள்ளையோடு முழுநாள், சாப்பாடு மகன் வீட்டில். கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. இது மகன் சொன்னது, அப்பா திருப்பிச் சொன்னது. என்னைக் கேட்காமல் எனக்கு எது நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. இது அப்பா சொன்னது, மகன் திருப்பிச் சொன்னது. மருமகள் பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் ஒரு சொல்லையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆகவே அன்பு நெஞ்சங்களே, ஓகே என்ற சொல்லை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது பாவம், நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சுமந்துகொண்டு அலைகிறது. களைப்பைச் சுமக்கிறது, கசப்பைச் சுமக்கிறது, காதலைச் சுமக்கிறது, கண்ணீரைச் சுமக்கிறது. இரண்டெழுத்தின் முதுகில் எவ்வளவுதான் ஏற்றுவோம்? லிப்டுக்குக்கூட இவ்வளவு எடைதான் என்று எழுதி ஒட்டியிருக்கிறோமே, இந்தச் சொல்லுக்கு யார் ஒட்டுவது? உங்கள் வீட்டில் ஒருவர் ஓகே என்றால், அன்றே, அங்கேயே, "என்ன ஓகே? முழுசா சொல்லு" என்று கேளுங்கள். தாய் சொன்னால் தாயிடம் கேளுங்கள். தாரம் சொன்னால் தாரத்திடம் கேளுங்கள். தள்ளாத வயதில் தந்தை சொன்னால், கட்டாயம் கேளுங்கள். நாம் எல்லோரும் வெட்டி முடித்துவிட்டு, பின்னால் கண்ணாடியைக் காட்டி, ஓகேயா என்று கேட்கிறோம். வெட்டும் முன் கேளுங்கள் ஐயா. வெட்டும் முன் கேளுங்கள் அம்மா. கத்தரி கையில் இருக்கும்போது கேளுங்கள்.

மணி அடித்துவிட்டது. தலைவர் என்னைப் பார்த்து, "முடிச்சுக்கலாமாம்மா?" என்கிறார். நான் ஓகே என்று சொல்லப்போவதில்லை. முழுசாகச் சொல்கிறேன். என்னைப் பேச அழைத்த சங்கத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அரைத் தலையை அவைக்குத் தந்த தலைவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அனைவரையும் வணங்க வேண்டும். மைக்கை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, தூணுக்குப் பின்னால் இருக்கும் என் அண்ணனிடம் போய், பேச்சு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

அண்ணே, யோசித்து வையுங்கள். ஓகே என்று சொன்னால் விடமாட்டேன்.

நன்றி, வணக்கம்.